அத்தான் உட்கார்ந்த கணவாய்

சின்னவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆனாலும் சின்னவள்தான். மேலே ஒரு அக்கா இருக்கும்வரை அந்தப் பெயர் அவளை விடப்போவதில்லை. தொழில் கல் செதுக்குவது. ஆள் உருவம், மிருக உருவம் எதுவும் செய்ய மாட்டாள். பாறைதான் செய்வாள். பாறையை வைத்துப் பாறை செய்வதற்கு எதற்கு உளி என்று கேட்பவர்கள் உண்டு. கேட்டவர் கிளம்பும்வரை கையில் சுத்தியலோடு நிற்பாள். பெரும்பாலும் சீக்கிரமே கிளம்பிவிடுவார்கள்.

வருடத்துக்கு ஒரு முறை முதுகில் பையை மாட்டிக்கொண்டு எங்காவது கரடுமுரடான மலையாகப் பார்த்துப் போய்விடுவாள். திரும்பி வரும்போது ஒரு கால்நகம் குறைந்திருக்கும், ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்திருக்கும். "கல்யாணம், கல்யாணம்னு நானும் இருபது வருஷமா இவ காதுல ஓதினேன். 'கல்' வரைக்கும்தான் இவளுக்குக் கேட்டுது" என்று அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

கடைசியாகப் போன மலையில் இரண்டு மொட்டைச் சிகரங்களுக்கு நடுவே ஒரு தாழ்வு இருந்தது. மலையைத் தாண்டுகிறவர்கள் அதன் வழியாகத்தான் தாண்ட வேண்டும். ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் மேகம். இடப்பக்கக் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும், வலப்பக்கக் காற்று மார்பில் கைவைத்து நிறுத்தும். சின்னவள் அங்கே கூடாரம் போட்டு ஒன்பது நாள் இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு பாறையை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள். பத்தாவது நாள் சாப்பாடு தீர்ந்ததால் இறங்கினாள்.

அதைத்தான் பதினான்கு மாதம் கருங்கல்லில் செதுக்கினாள். வீட்டின் பின்னால் தகரக்கூரை போட்ட பட்டறை. அதன் நடுவே அவள் தோள் உயரத்துக்கு ஒரு கல், எடை ஒன்றரை டன். இரண்டு முனைகள், நடுவில் தாழ்வு. முனைகளைப் பொளிவதற்கு எட்டு மாதம் பிடித்தது. மீதி ஆறு மாதமும் அந்தத் தாழ்வின் இரண்டு சரிவுகளுக்கே போனது. கிரைண்டரை ஓரமாக வைத்துவிட்டுச் சின்ன உளியால் மட்டும் தட்டினாள். ஒரு நாள் தட்டுவாள், இரண்டு நாள் தடவிப் பார்ப்பாள். முடிந்தது என்று கைக்குத் தெரிந்த அன்று துடைப்பத்தை எடுத்துப் பட்டறையைப் பெருக்கினாள். 'கணவாய்' என்று பெயர் வைத்தாள்.

அக்காவிடம் போனில் சொன்னபோது, "கணவாய் மீனா செஞ்சிருக்கே? பரவாயில்லையே, இப்பத்தான் மனுஷங்களுக்குப் புரியற மாதிரி ஒண்ணு செய்யறே" என்றாள்.

"மீன் இல்லக்கா. மலைக்கு நடுவுல இருக்குற வழி."

"வழியையா கல்லுல செஞ்சே?" என்ற அக்கா பேச்சை மாற்றினாள். "சரி, நாங்க செவ்வாய்க்கிழமை வரோம். அத்தானுக்கு முதுகு ரொம்ப மோசம். இடம் மாறினா மனசு மாறும்னு டாக்டர் சொன்னார்."

அத்தான் முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓடுகிற பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடிக்காமல் நின்று, டிக்கெட் பார்த்துப் பார்த்தே முதுகு போய்விட்டது. பதினோரு வருடமாக வலி. உட்கார்ந்தால் வலி, படுத்தால் வலி, நின்றால் கேட்கவே வேண்டாம். எண்ணெய், ஊசி, பெல்ட், பலகைப் படுக்கை, தலைகீழாகத் தொங்குவது என்று அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. தலைகீழாகத் தொங்கியபோது மட்டும் கொஞ்சம் தேவலை என்றார். ஆனால் அந்த நிலையில் எத்தனை மணி நேரம்தான் குடும்பம் நடத்த முடியும்?

செவ்வாய்க்கிழமை காலை இருவரும் வந்தார்கள். சின்னவளும் அக்காவும் அடுக்களையில் பேசிக்கொண்டிருந்தபோது அத்தான் பின்பக்கம் உலாத்தப் போனார். அரை மணி நேரமாகியும் ஆளையும் காணவில்லை, முனகலையும் காணவில்லை. முனகல் நின்றதுதான் அக்காவுக்குப் பயத்தைக் கிளப்பியது. ஓடிப்போய்ப் பார்த்தால், பெட்டிமேல் பெட்டியை அடுக்கி ஏறி, கணவாயின் நடுவில் அத்தான் உட்கார்ந்திருந்தார். கால்கள் தொங்கின. கைகள் இரண்டு பக்கச் சிகரங்களின்மேலும் இருந்தன. முகத்தில் ஒரு சிரிப்பு. அக்கா அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்து, நினைவு வராமல் விட்டுவிட்டாள்.

"அத்தான், இறங்குங்க! அது வெள்ளிக்கிழமை மியூசியத்துக்குப் போகுது!" சின்னவள் கத்தினாள்.

"வலி இல்லம்மா" என்றார் அத்தான்.

"என்னது?"

"முதுகு. இல்ல. இருக்கிற மாதிரியே தெரியல."

சோதித்துப் பார்த்தார்கள். கீழே இறங்கிப் பத்தடி நடந்தார், வலி வந்தது. ஏறி உட்கார்ந்தார், போனது. மூன்று முறை செய்து பார்த்தார்கள். நான்காவது முறை இறங்கச் சொன்னபோது அத்தான் மறுத்துவிட்டார்.

அக்கா தட்டை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். சாப்பிட்டார். பேப்பர் கேட்டார், படித்தார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்களே, அந்தக் கதை ஆகிவிட்டது. சின்னவள் சும்மா இருக்கவில்லை. சரிவுகளின்மேல் பிளாஸ்டரைக் குழைத்து ஊற்றி, அச்செடுத்து, அதே வளைவில் ஓர் இருக்கை வார்த்து, காயவைத்துக் கொடுத்தாள். அத்தான் அதில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

"இது நாற்காலி" என்றார், ஏதோ கெட்ட வார்த்தை மாதிரி.

"ரெண்டும் ஒரே அளவு அத்தான். நூல் பிசகல."

"அளவு இருக்கு. அது இல்ல."

"எது இல்ல?"

அத்தான் மறுபடியும் கல்மேல் ஏறிக்கொண்டார். கண்ணை மூடினார். "எப்படிச் சொல்றதும்மா... இந்த இடது பக்கம் இருக்கே, அது 'எழுந்திரு, போ போ'ன்னு மெல்லத் தள்ளுது. வலது பக்கம் 'எங்க போறே, இரு'ன்னு பிடிச்சு வைக்குது. ரெண்டுக்கும் நடுவுல முதுகு என்ன பண்றதுன்னு தெரியாம வலிக்க மறந்துடுது."

சின்னவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் காற்றைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. நோட்டில்கூட எழுதவில்லை. பதினான்கு மாதமாக அவள் கை தேடியதை ஒருவர் கண்டுகொண்டுவிட்டார். கண்ணால் அல்ல, கருத்தால் அல்ல, வேறு இடத்தால். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பட்டறைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

மறுநாள் மியூசியத்தின் காப்பாட்சியர் சரிபார்க்க வந்தார். எந்நேரமும் வெள்ளைக் கையுறை போட்டிருக்கும் ஒல்லியான மனிதர். தண்ணீர் டம்ளரைக்கூடக் கையுறையோடுதான் வாங்கினார். கல்லைச் சுற்றி இரண்டு முறை வந்தார். முன்னால் வந்து நின்றார்.

"மேடம், போன மாசம் நீங்க அனுப்பின படத்துல இது இல்லையே?"

இது என்று அவர் காட்டியது அத்தானை. சின்னவள் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார்.

"நான் நேத்துதான் சேர்ந்தேன் சார்."

காப்பாட்சியர் குறித்துக்கொண்டார். நீளம், அகலம், உயரம் அளந்தார். அத்தானின் தலை உச்சியையும் சேர்த்தே உயரம் எடுத்தார். "விரிசல் இல்லை. சில்லு பெயரவில்லை. கண்ணாடி அணிந்திருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். படம் எடுத்தார், போய்விட்டார். மாலையே போன் வந்தது. தேர்வுக் குழுவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். பொதுமக்களுக்குப் புரிகிற படைப்பு ஒன்று கடைசியில் கிடைத்திருக்கிறதாம். படத்தில் இருக்கிறபடி முழுமையாக ஒப்படைத்தால் நடுக்கூடத்தில் வைப்பார்களாம், குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

நடுக்கூடம் என்றால் கண்ணாடிக் கூரை போட்ட கூடம். மேலிருந்து வெளிச்சம் கல்லில் வழிந்து இறங்கும். அந்த வெளிச்சத்தில் தன் கல் ஒன்று நிற்க வேண்டும் என்று சின்னவள் இருபது வருடமாக ஆசைப்பட்டிருக்கிறாள். போனைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள்.

"பதினோரு வருஷத்துக்கப்புறம் இவர் சிரிச்சிருக்கார்டி. போகட்டும், விடு" என்றாள் அக்கா.

"அக்கா, இவர் அங்க என்னவா போவார்?"

"இங்க மட்டும் என்னவா இருக்கார்?"

ஒரு வாரத்தில் அவருக்கே சலித்துப்போகும் என்று சின்னவள் கணக்குப் போட்டாள். ஆயுளில் அவள் போட்ட தப்புக் கணக்குகளில் அது பெரியது.

வெள்ளிக்கிழமை கிரேனும் லாரியும் வந்தன. லாரி ஓட்டுநர் நியாயஸ்தர். "சரக்கு ஏத்துற வண்டிங்க இது. ஆள் ஏத்தக் கூடாது" என்றார். காப்பாட்சியர் பட்டியலை எடுத்துக் காட்டினார். ஓட்டுநர் அதை இரண்டு முறை படித்தார், அத்தானை ஒரு முறை பார்த்தார். "சரக்குன்னு போட்டிருந்தா எனக்கென்ன" என்று கயிற்றை எடுத்தார். அத்தானுக்கும் கல்லுக்கும் சேர்த்துப் பஞ்சுமெத்தை சுற்றினார்கள். நெஞ்சில் 'கவனம், உடையும் பொருள்' என்று ஒட்டினார்கள். கிரேன் தூக்கியபோது, அந்தரத்தில் ஆடிக்கொண்டே அத்தான் அக்காவுக்குக் கையசைத்தார். "கையை உள்ள வைங்க சார்!" என்று கீழேயிருந்து காப்பாட்சியர் கத்தினார்.

மியூசியத்தில் பெயர்ப்பலகை இப்படி இருந்தது: கணவாய். கருங்கல், மனிதர். பக்கத்தில் இன்னொன்று: தொடாதீர்கள்.

முதல் நாளே மத்தியானச் சாப்பாட்டில் தகராறு வந்தது. காட்சிப் பொருளின் அருகே உணவு கொண்டுவரக் கூடாது என்று காவலாளி அக்காவின் டிபன் பாக்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். அக்கா சண்டை போட்டதில் காப்பாட்சியர் கையுறையோடு ஓடிவந்தார். கூடிப் பேசினார்கள். கடைசியில் டிபன் பாக்ஸைப் பராமரிப்புப் பொருள் என்ற தலைப்பில் அனுமதித்தார்கள். அதனால் அக்கா தினமும் பன்னிரண்டரைக்கு, துப்புரவு எண்ணெயும் துணியும் வருகிற பின்வாசல் வழியாக வந்தாள்.

சாயங்காலம் அவரை அதே ஊரில் இருந்த தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போவது அடுத்த சிக்கல். சேகரிப்பில் உள்ள பொருளை வெளியே கொண்டுபோக வேண்டுமானால் இரவல் படிவம் நிரப்ப வேண்டும். அக்கா ஐந்து மணிக்கு நீல நிறப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் புருஷனை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். காலை ஒன்பதரைக்கு அதே நிலையில் திருப்பிக் கொடுத்தாள். ஒரு தடவை அத்தான் வழியில் முடி வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். பொருளின் தோற்றம் மாறியிருக்கிறது என்று அக்காவிடம் விளக்கம் கேட்டு எழுதிவிட்டார்கள். "முடி வளரும்" என்று அக்கா ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தாள். ஏற்றுக்கொண்டார்கள்.

பேப்பரில் வந்தது. 'கணவாயில் கணவர்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கூட்டம் வர ஆரம்பித்தது. சின்னவளுக்கும் முதலில் சந்தோஷம்தான். அடுத்த கல்லுக்கு உளிகளைத் தீட்டிக்கொண்டு வீட்டில் இருந்தாள். ஒரு விமர்சகர் பாராட்டி எழுதியதை வாங்கிப் படித்த பிறகுதான் உளியைக் கீழே வைத்தாள். மனிதரின் குழைவை எடுத்துக் காட்டுவதற்குக் கல்லின் முரட்டுத்தனம் பொருத்தமான பின்னணியாக அமைந்திருக்கிறது என்று அவர் எழுதியிருந்தார்.

"பின்னணியா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள் சின்னவள். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனாள்.

நடுக்கூடத்தில் நிற்க இடமில்லை. அத்தான் உள்ளே வந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் கேட்கச் சொல்லவில்லை. முப்பத்தோரு வருடப் பழக்கம். ஜனங்களும் அதைப் படைப்பின் ஒரு பகுதி என்று எண்ணி ஆசையாக எடுத்துக் காட்டினார்கள். அவர் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முனையைக் கிழித்துக் கொடுத்தார். கிழிபட்ட டிக்கெட்டைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டார்கள். அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை. ஒருத்தர்கூடக் கல்லைப் பார்க்கவில்லை.

சின்னவள் கூட்டத்தை விலக்கி முன்னால் போனாள். இடப்பக்கச் சிகரத்தில் அத்தானின் குடை தொங்கியது. அதன் உச்சியைக் கூர்மை கெடாமல் கொண்டுவர அவளுக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. வலப்பக்கச் சிகரத்தில் டிபன் பாக்ஸ் பை.

"நாயைக் கண்டா கல்லைக் காணோம்னு சொல்வாங்க" என்றாள் பக்கத்தில் நின்ற அக்கா. பெருமை தாங்கவில்லை அவளுக்கு. "இங்க உங்க அத்தானைக் கண்டா கல்லைக் காணோம்."

"அத்தான், குடையை எடுங்க" என்றாள் சின்னவள்.

"எங்கம்மா வைக்கிறது?"

"எங்கயாவது வைங்க. தலையில வைங்க. அது சிகரம்!"

"சிகரம்தாம்மா. நான் இல்லேன்னா சொன்னேன்? குடை மாட்ட வசதியா இருக்கு."

"எழுந்திருங்க அத்தான். போதும். வீட்டுக்குப் போகலாம்."

கூட்டம் இதையும் ரசித்துப் பார்த்தது. ஒருத்தர் கைதட்டினார். அத்தான் குரலைத் தாழ்த்தி, "இவங்க வெளியில நின்னு டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்காங்கம்மா. அவங்க முகத்துக்காகவாவது பேசாம இரு" என்றார்.

அன்று முழுவதும் சின்னவள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை. பராமரிப்புக்காகச் சிற்பி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. சின்னவள் கருவிப்பையோடு போய்க் காவலாளியிடம் அந்த வரியைக் காட்டினாள். அவர் கதவைத் திறந்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

காலி கூடத்தில், கண்ணாடிக் கூரையின் வெளிச்சத்தில் கல் தனியாக நின்றது. அவள் இருபது வருடம் ஆசைப்பட்டது இந்தக் காட்சிக்குத்தான். பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்குப் பொறுமை இல்லை. கண்ணை மூடி இடச்சரிவைத் தடவினாள். 'போ போ' என்று தள்ளுகிற இடம் விரலில் பட்டது. அங்கே உளியை வைத்தாள்.

ஒரு நிமிடம் கை எழவில்லை. பிறகு எழுந்தது. ஆறு முறை அடித்தாள். அரை நகம் கனத்துக்குக் கல் பெயர்ந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. கறுப்பின் நடுவே வெளுப்பாக ஒரு தழும்பு. பெயர்ந்த சில்லுகளைக் கைக்குட்டையில் பொறுக்கிக்கொண்டாள். வெளியே வந்தாள். சொந்தப் பிள்ளையைக் கிள்ளிவிட்டு வந்ததுபோல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கூடம் திறந்ததும் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அக்கா அத்தானைக் கொண்டுவந்து ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள். அத்தான் ஏணியில் ஏறி உட்கார்ந்தார். லேசாக நெளிந்தார். சின்னவள் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அத்தான் குடையை மாட்டினார், பேப்பரை விரித்தார். பத்து மணி, பதினொன்று. டிக்கெட் கிழித்தார். சிரித்தார். பன்னிரண்டுக்குச் சின்னவளால் பொறுக்க முடியவில்லை. நேரே போய் நின்றாள்.

"வலிக்கலையா?"

"எது?"

"முதுகு!"

அத்தான் அக்கம்பக்கம் பார்த்தார். குனிந்து அவள் காதருகே வந்தார். "உங்க அக்காகிட்ட சொல்லிடாதே. வலி மூணாவது வாரமே போயிடுச்சு. இப்பல்லாம் நடந்தாக்கூட வலிக்கறதில்ல."

"அப்போ எதுக்கு இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பஸ்ஸுல ஏறினா ஜனங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாங்க. தூங்கற மாதிரி நடிப்பாங்க. ஓடற வண்டியிலேருந்து குதிச்சவன்கூட இருக்கான். முப்பத்தோரு வருஷம். என் முகத்தை ஒருத்தன் நேராப் பார்த்ததில்ல. இங்க டிக்கெட் வாங்கிட்டு வந்து பார்க்கறாங்கம்மா."

சின்னவளுக்குத் திட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது, தானும் பதினோரு வருடமாக அவருடைய முதுகைப் பற்றி மட்டுமே விசாரித்துக்கொண்டிருந்தோம் என்பது உறைத்தது. தழும்பைப் பார்த்தாள். அவருடைய தொடைக்குக் கீழே பாதி தெரிந்தது, பாதி மறைந்திருந்தது.

வியாழக்கிழமை வாராந்திரச் சோதனையில் காப்பாட்சியர் தழும்பைக் கண்டுபிடித்துவிட்டார். கையுறை விரலால் அதைத் தொட்டவர், அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார் என்று காவலாளி சொன்னார். விசாரணைக் குழு கூடியது. நீளமேஜை, ஐந்து பேர், ஐந்து தண்ணீர் பாட்டில். திங்கட்கிழமை கருவிப்பையோடு வந்தது யார் என்று காவலாளியைக் கேட்டார்கள். அவர் சின்னவளைக் காட்டினார்.

அடுத்து அத்தானைக் கூப்பிட்டார்கள். அவர் எங்கே உட்காருவது என்பதிலேயே கால்மணி நேரம் போனது. சாட்சி என்றால் நாற்காலியில் உட்கார வேண்டும். சேதமான பொருளின் பகுதி என்றால் மேஜைமேல் வைக்க வேண்டும். மேஜைமேல் விரிப்பு போட்டு உட்காரவைத்தார்கள்.

"கல்லில் உள்ள தழும்பு எப்படி வந்தது?" என்று குழுத் தலைவர் மேலே பார்த்துக் கேட்டார்.

சின்னவள் எழுந்தாள். "அது நான்தான்..."

"நான்தான் சார்" என்றார் அத்தான், உரக்க. பின்பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் போட்டார். "தினமும் ஏறி இறங்கறப்போ இது உரசியிருக்கு. பதினேழு சாவி. பழைய டிப்போ பூட்டுச் சாவிகூட இன்னும் இருக்கு, திருப்பித் தர மறந்துட்டேன்."

"அத்தான், பொய் சொல்லாதீங்க" என்றாள் சின்னவள்.

"நீ உட்காரும்மா. படைப்பு பேசறப்போ குறுக்க பேசக் கூடாது."

குழு அந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டது. சாவிகளை அளந்தார்கள். கல்லைத் தூரத்திலிருந்து பார்த்தார்கள். ஐந்து பேரும் தனி அறைக்குப் போய் இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வந்து தீர்ப்பைப் படித்தார்கள். படைப்பின் ஒரு பகுதி இன்னொரு பகுதியைச் சேதப்படுத்தியிருக்கிறது. இரண்டையும் இனிமேல் ஒன்றாக வைப்பது ஆபத்து. சேதமான பகுதியான கல், பழுது பார்ப்பதற்காகச் சிற்பியிடம் திருப்பி அனுப்பப்படும். மனிதரில் எந்தச் சேதமும் இல்லாததால் அவரை அனுப்பத் தேவையில்லை. அவர் மியூசியத்திலேயே இருப்பார்.

அலுவலகத்திலிருந்து ஓர் இரும்பு மடக்கு நாற்காலி வந்தது. பெயர்ப்பலகையை மாற்றினார்கள்: மனிதர். உலோக நாற்காலியில். அத்தான் அதில் உட்கார்ந்து நெளிந்து பார்த்து, "முதுகை ஒண்ணும் பண்ணல" என்றார். கூட்டம் கொஞ்சமும் குறையவில்லை. குடை மாட்டத்தான் இடமில்லை என்று வருத்தப்பட்டார். காப்பாட்சியர் யோசித்து ஓர் ஆணி அடித்துக் கொடுத்தார்.

கல் வீட்டுக்கு வந்தது. லாரி ஓட்டுநர் பட்டியலைப் பார்த்து, "இந்தத் தடவை ஒண்ணு குறையுதே" என்றார்.

பட்டறையில் கல்லை இறக்கி, தார்ப்பாயை விலக்கி, சின்னவள் முதல் வேலையாகத் தழும்பைத் தடவினாள். அதைச் சரிசெய்வதென்றால் சரிவு முழுவதையும் அரை நகம் கீழே இறக்க வேண்டும். இறக்கினாள். உடனே வலச்சரிவு தூக்கலாகத் தெரிந்தது. அதையும் இறக்கினாள். இப்போது சிகரங்கள் நெட்டையாக நின்றன. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கூப்பிட்டது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. இரண்டாவது மாதம் எரிச்சல் போய் வேகம் வந்தது. கணவாயை மறந்தாள். மலைக்குப் போன நோட்டை எடுத்துப் புரட்டினாள். கணவாயை அடைவதற்கு முந்திய நாள், ஏற வழியில்லாமல் அரை நாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற செங்குத்துப் பாறை ஒன்று அதில் இருந்தது. பெரிய சுத்தியலை எடுத்தாள். இடப்பக்கச் சிகரத்தை முழுவதுமாகத் தட்டிவிட்டாள்.

ஏழு மாதம் கழித்து அது ஒரே சுவராக நின்றது. வரி வரியாக வெடிப்பு, கைப்பிடிக்க விளிம்பு இல்லை, உச்சி முன்னால் சாய்ந்து பார்ப்பவர்மேல் விழுவதுபோல. 'வழியில்லை' என்று பெயர் வைத்தாள். காப்பாட்சியர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மேலே ஏறி யாராவது இருக்கிறார்களா என்றுகூட எட்டிப் பார்த்தார்.

"இது முழுசா கல்லுதானே மேடம்? வேற ஒண்ணும் சேர்ந்துக்காதே?"

"சேர முடியாது சார். பாருங்களேன்."

இரண்டாவது கூடத்தில் ஆளுயரப் பீடத்தின்மேல் வைத்தார்கள். கண்ணாடிக் கூரை அங்கே இல்லை, பக்கவாட்டில் ஒரு ஜன்னல் மட்டும். கூட்டம் நடுக்கூடத்தில்தான். இங்கே ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், ஓரடி பின்வாங்கினார்கள். சின்னவள் இரண்டு மூன்று முறை போய் ஓரமாக நின்று அந்த ஓரடியை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டாள்.

ஒரு புதன்கிழமை அக்கா போன் செய்தாள். குரலில் சூடு பறந்தது.

"உங்க அத்தான் பண்ணின காரியம் தெரியுமா? மத்தியானம் நான் சாப்பாடு கொண்டு போறேன், நாற்காலி காலி. மியூசியமே அல்லோலகல்லோலப்படுது. பொருளைக் காணோம்னு காவலாளி கதவையெல்லாம் பூட்டிட்டார். தேடிப் பார்த்தா, அந்த ரெண்டாவது கூடத்துல நீ செஞ்சு வச்ச சுவத்துக்கு முன்னாடி நிக்கிறார். ஒன்றரை மணி நேரமா நிக்கிறாராம். ஏன் இப்படி நிக்கறீங்க, உட்கார்ந்து பார்க்கக் கூடாதான்னு கேட்டா, 'இதை உட்கார்ந்துக்கிட்டுப் பார்க்க முடியாது, நீயும் நின்னு பாரு'ங்கறார்."

சின்னவள் போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள். "நீ பார்த்தியா?"

"பார்த்தேன். அரை மணி நேரம் நின்னேன்." அக்கா பெருமூச்சு விட்டாள். "கழுத்து சுளுக்கிக்கிச்சு. அவருக்கு முட்டி வலி ஆரம்பிச்சாச்சு. ரெண்டு பேரும் இப்ப கட்டில்ல கிடக்கறோம். அடுத்தது ஏதாவது செய்யறதா இருந்தா, படுத்துக்கிட்டுப் பார்க்கற மாதிரி செய்யிடி."